சண்டைப் படங்களின் முதற்காட்சி

காப்பியம் பாடிய நம் புலவர்கள், தலைவனை எடுத்த எடுப்பிலேயே நம்முன் நிறுத்துவதில்லை. கம்பர் முதலில் ஆற்றைப் பாடுவார். பின்னர் நாட்டையும் நகரையும் பாடுவார். அதன் பின்னரே இராமன் பிறப்பான். தெருக்கூத்திலோ, இருவர் திரைச்சீலை பிடிக்க, அதன் பின்னே நின்று தன் வரவைப் பாடிய பிறகே வேடம் புனைந்தவர் அவைக்கு முகங்காட்டுவார். வருபவன் யார், அவன் வாழும் உலகம் எத்தகையது என்பதை முன்னரே உணர்த்துதல் கதை சொல்வோர் கடமை. சண்டைப் படம் எடுப்போர் இக்கடமையைச் சில நிமிடங்களில், பெரும்பாலும் சொல்லின்றி, காட்சியாலேயே நிறைவேற்ற வேண்டியவராயினர். அக்கலை வளர்ந்த வரலாற்றை நான்கு படங்களின் வாயிலாக ஈண்டுக் காண்போம்.

1903-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எடிசன் நிறுவனத்திற்காக எட்வின் போர்ட்டர் என்பார் 'தி கிரேட் டிரெயின் ராபரி' என்னும் ஊமைப்படத்தை எடுத்தார். ஏறத்தாழ 12 நிமிடங்களே ஓடும் அப்படத்தில், கொள்ளைக்காரன் ஒருவன் திரை நிறைய நின்று, கைத்துப்பாக்கியை நம்மை நோக்கி நீட்டிச் சுடுகின்றான். இக்காட்சியைப் படத்தின் தொடக்கத்திலும் காட்டலாம், முடிவிலும் காட்டலாம் என்று நிறுவனத்தாரே தம் விலைப்பட்டியலில் அறிவித்தனர். கதையோடு அது பிணையவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. பார்த்தவர் அஞ்சினர், ஆனால் அவன் எத்தகையவன் என்று அறிந்தாரில்லை. முகம் முழுதும் தெரிந்தது, மனிதன் தெரியவில்லை.

அதன்பின் 58 ஆண்டுகள் கழித்து, 1961-இல், ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 'யோஜிம்போ' என்னும் படத்தை அளித்தார். ஒளிப்பதிவு செய்தவர் கசுவோ மியாகவா. தொலைவில் மலைகள் தெரிகின்றன. அவற்றை மறைத்துக்கொண்டு ஒருவனது முதுகு திரையில் எழுகின்றது. நடிகர் தோஷிரோ மிஃபூனேயின் முகத்தை நாம் உடனே காண்பதில்லை. அவன் தோளைக் குலுக்குகின்றான்; தலையைச் சொறிகின்றான்; நடக்கின்றான். காமிரா அவன் பின்னாலேயே செல்கின்றது. பாதை பிரியுமிடத்தில் ஒரு குச்சியை மேலே எறிந்து, அது விழுந்து காட்டிய திசையில் செல்கின்றான். தலைவனும் இல்லை, ஊரும் இல்லை, போக வேண்டிய இடமும் இல்லை என்பதை இதனினும் சுருங்கச் சொல்ல இயலுமோ? பின்னர் அவன் நுழையும் ஊரின் தெரு வெறிச்சோடிக் கிடக்கின்றது. எதிரே வரும் நாயின் வாயில் அறுபட்ட மனிதக் கை! அவ்வூரின் நிலையை வேறு எவரும் நமக்கு உரைக்க வேண்டியதில்லை.

இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே, யோஜிம்போவின் கதையைத் தழுவி 1964-இல் ஒரு படம் எடுத்தவர். அவர் 1968-இல் எடுத்த 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்' என்னும் படத்தில், பாழடைந்த புகைவண்டி நிலையம் ஒன்றில் துப்பாக்கி ஏந்திய மூவர் காத்திருக்கின்றனர். பேச்சு மிகக் குறைவு, இசையும் இல்லை. காற்றாடி கிறீச்சிடுகின்றது. ஒருவன் தொப்பியில் நீர் சொட்டுகின்றது. மற்றொருவன் முகத்தில் ஈ ஊர்கின்றது. அகன்ற வெளியையும் மிக அண்மையிலான முகத்தையும் மாற்றி மாற்றிக் காட்டிப் பல நிமிடங்கள் நம்மையும் காக்க வைக்கின்றார். வண்டி வருகின்றது, எவரும் இறங்கக் காணோம். வண்டி நகர்ந்ததும், தண்டவாளத்தின் மறுபுறத்தில் மவுத் ஆர்கன் வாசித்தபடி ஒருவன் நிற்கின்றான். கூத்தின் திரைச்சீலை செய்த வேலையை ஈங்குப் புகைவண்டி செய்தது. காத்திருந்த மூவரும் அவன் துப்பாக்கிக்கு இரையாகின்றனர். அவர்களை அத்துணை நேரம் காட்டியது, அவன் ஒருவனை அளந்து காட்டுதற்கே.

நான்காவது, நாமெல்லாம் அறிந்த 'ஷோலே'. ரமேஷ் சிப்பி இயக்கி, துவாரகா திவேச்சா ஒளிப்பதிவு செய்து, 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியாகி, மும்பை மினர்வா அரங்கில் 5 ஆண்டுகளுக்கு மேல் ஓடிய படம். இதுவும் புகைவண்டி நிலையத்திலேயே தொடங்குகின்றது. வண்டியிலிருந்து இறங்கிய அதிகாரி குதிரையேறிச் செல்ல, கர்நாடகத்து இராமநகரப் பாறைகள் 70 எம்.எம். திரையில் விரிகின்றன. இது காவல் எளிதில் எட்டாத நிலம் என்பதைப் பாறைகளே கூறிவிடுகின்றன. பின்னர், சால்வை போர்த்திய தாக்கூர் நின்று பேசுகின்றார். அடுத்து அவர் நினைவுகூரும் பழைய நிகழ்ச்சியில், அதே மனிதர் காவலர் உடையில், கையில் துப்பாக்கியுடன் கொள்ளையரோடு போரிடுகின்றார். ஒருபுறம் சால்வை, மறுபுறம் கைகள். இரண்டையும் அடுத்தடுத்து நம் கண்முன் வைத்துவிட்டார் இயக்குநர். நாமோ முதன்முறை பார்க்கையில் கவனிப்பதில்லை. அக்காட்சியிலேயே, காயமுற்ற அவரைக் காப்பதா, தப்பிச் செல்வதா என்று ஜெய் காசு சுண்டுகின்றான். யோஜிம்போவின் குச்சி தற்செயலைக் காட்டியது. இக்காசின் இருபுறமும் ஒன்றே என்று இறுதியில் அறியும்போது, காத்தது தற்செயலன்று, அவன் நெஞ்சமே என்று உணர்கின்றோம்.

முகத்தைக் காட்டித் தொடங்கிய கலை, முதுகாலும் வண்டியாலும் சால்வையாலும் மறைக்கக் கற்றபோதே முதிர்ந்தது எனலாம். மறைத்ததை நாடும்போதுதான் கண் உண்மையில் பார்க்கின்றது.

இவ்வரலாறு நம் குடியிருப்புகளுக்கு ஒரு பயனும் தரும். இந்தி சரளமாக வாராத பாட்டியும், தமிழெழுத்து அறியாத பேரனும் நம் வீட்டுக் கூடங்களில் ஒருங்கே அமர்ந்து படம் பார்க்கின்றனர். உரையாடல் தொடங்கியதும் ஒருவர் மற்றவரைக் கேட்டறிய வேண்டியவராகின்றனர். சொல் பிறவாத முதற்காட்சியிலோ இருவரும் நிகர். சால்வையைப் பாட்டியே முதலிற் கண்டுகொள்ளவும் கூடும். ஆதலின் அடுத்த முறை படம் தொடங்கியதும் சற்றே நிறுத்தி, "இவன் எப்படிப்பட்டவன்? எதைக்கொண்டு சொல்கிறாய்?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கண்டதைச் சொல்ல அவர்கள் சொல் தேடட்டும்; அச்சொல்லைப் பாட்டி தமிழில் எடுத்துக் கொடுக்கட்டும்.