திரும்பி வரும் கம்பி



போன வாரம் ஒரு மாணவர் போன் செய்தார். சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், கார் நகர மறுக்கிறதாம். இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது, மூன்றாவது வாங்கப் போகிறேன் என்றார். பொறு என்றேன். ஏன் பொறுக்கச் சொன்னேன் என்பதைப் பழைய கதையோடு சேர்த்து எழுதுகிறேன். நீளம்தான். வாத்தியார் எழுதினால் அப்படித்தான் இருக்கும்.

அந்தக் காலத்து அம்பாசிடரின் முன்பக்கம் கைப்பிடியைச் செருகி டிரைவர் சுற்றுவதை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். அது விளையாட்டல்ல. இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு முறியும், தாடை பெயரும். அமெரிக்காவில் இதற்கு முடிவு கட்டியவர் சார்லஸ் கெட்டரிங். அவர் முதலில் கடைக் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். பெட்டியைத் திறக்க மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டாம், ஒரு நொடி முழு மூச்சாக உழைத்தால் போதும். காருக்கும் அதே யோசனைதான். 1912 மாடல் காடிலாக் வண்டியில் மின்சார ஸ்டார்ட்டர் வந்துவிட்டது.

ஆனால் அந்த "முழு மூச்சு"க்கு ஒரு விலை உண்டு. ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் கேட்டால், சின்னக் காரின் ஸ்டார்ட்டரே 100 ஆம்பியருக்கு மேல் கேட்கும். அதனால்தான் பேட்டரியிலிருந்து விரல் தடிமனுக்குக் கேபிள் போகிறது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. தாம்பரம் தாண்டி பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961-இல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, 1972-இல் கெஸல், 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று அங்கிருந்து கார்கள் வந்தன. கடைசி வண்டி விலைபோகவில்லை, தொழிற்சாலையும் மூடப்பட்டது. அதே 1961-இல்தான் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொடங்கியது. ஸ்டார்ட்டர் மோட்டார் சென்னையிலேயே செய்யப்படலாயிற்று.

என் தாய்மாமா வண்டலூரில் வேலை பார்த்தவர். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. கேலி செய்கிறார் என்று நினைத்தேன். உண்மைதான். அப்படி இணைத்தால் முனைகள் அவ்வளவாக அரிக்காது என்று அப்போது நம்பினார்கள். ஆல்டர்னேட்டரும் டிரான்சிஸ்டரும் வந்த பிறகு எல்லோரும் நெகட்டிவுக்கு மாறினார்கள். எந்த முனையாக இருந்தாலும் ஒன்று மாறவில்லை. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வருவது தனிக் கம்பியில் அல்ல, வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத்தான்.

ஏழாம் வகுப்பில் மின்சுற்று என்று கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன்! மின்கலம், சாவி, விளக்கு, போகும் கம்பி, வரும் கம்பி. அதை நானே மறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் தண்ணீர். என் மாருதி 800 ஜன்னல் வரை மூழ்கியது. துடைத்துக் காயவைத்து, ஆயில் மாற்றி ஓட்டினோம். சில மாதம் கழித்து ஆரம்பித்தது "டிக்". பேட்டரி போய்விட்டது என்றார்கள், மாற்றினேன். புதுசுக்குத் தெம்பு அதிகம், சில வாரம் இழுத்தது. மறுபடியும் "டிக்". இன்னொரு பேட்டரி. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு என் துணைவிக்கு மூச்சுத்திணறல். ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, வண்டி மட்டும் கிளம்பவில்லை. எதிர்வீட்டு ஆட்டோக்காரத் தம்பி எழுந்து வந்ததால் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். அந்தப் பதினைந்து நிமிடத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்கும்.

மறுநாள் ஸ்டார்ட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்குள் என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். ஆட்டோ எலக்ட்ரீஷியன். (பரீட்சையில் அவனுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. அதையும் அவனே சிரித்துக்கொண்டே நினைவூட்டினான்.) மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை இன்ஜின் உடம்பிலும் வைத்துக்கொண்டு, "சாவியத் திருப்புங்க சார்" என்றான். கால் வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய இடத்தில் 2 வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது.

"நீங்கதான சார் போர்டுல போட்டீங்க, வர்ற கம்பின்னு. எல்லாரும் போற கம்பியத்தான் பாக்கறாங்க."

கியர்பாக்ஸில் முறுக்கியிருந்த எர்த் கேபிளைக் கழற்றினான். போல்ட்டுக்கு அடியில் வெள்ளத்தின் துரு. அந்தத் துருவின் தடை 0.02 ஓம் இருக்கலாம். சாதாரண மீட்டரில் ஓம் அளந்தால் பூஜ்யம் மாதிரிதான் தெரியும். ஆனால் 100 ஆம்பியர் அதன் வழியே போகும்போது 2 வோல்ட்டைத் தின்றுவிடும். வண்டி நிற்கும்போது சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும், இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஹெட்லைட் எரிந்த மர்மமும் அதுதான். விளக்கின் மின்சாரம் பாடி வழியாகத் திரும்புகிறது, இன்ஜினுக்குப் போகும் கேபிளைத் தொடுவதே இல்லை.

உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினான். பத்து நிமிட வேலை. கூலி கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். அதுதான் முறை.

ஆகவே தம்பி, பேட்டரிக் கடைக்குப் போகாதே. மீட்டர் இல்லையென்றால் ஜம்பர் கேபிள் ஒன்றை எடு. வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டுக்கொள். கேபிளின் ஒரு நுனியைப் பேட்டரி நெகட்டிவிலும், மறுநுனியை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் மாட்டி, சாவியைத் திருப்பு. விறுவிறுவென்று சுற்றினால் கோளாறு எர்த்தில்தான். சுற்றாவிட்டால் பாசிட்டிவ் பக்கக் கேபிளையும் அதே மாதிரி பார். அதற்கும் மசியவில்லை என்றால் எனக்குப் போன் செய், மோட்டாரைக் கழற்றுவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.