ஷாஃப்டுக்கு முன்னால் பேரிங்

எழுபதுகளின் கடைசியில் கல்லூரியை விட்டு வெளியே வந்த எங்கள் செட்டுக்கு வேலை என்றால் அம்பத்தூர், எண்ணூர், இல்லாவிட்டால் திருவள்ளூர். திருவள்ளூரில் 1971-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மண் அள்ளும் இயந்திரங்களுக்கென்று ஆலை தொடங்கியிருந்தது. அதே ஆண்டில்தான் சிப்காட் நிறுவனமும் பிறந்தது. பின்னால் கும்மிடிப்பூண்டியில், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில், அதன் தொழிற்பேட்டை வந்தது. (திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது 1997-ல். எங்கள் நாளில் இரண்டு ஊரும் செங்கல்பட்டு மாவட்டம்தான்.)

டம்பர், லோடர் போன்ற இயந்திரங்கள் பிறப்பது ஓரிடம், உழைப்பது எங்கோ ஒரு சுரங்கம். அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் எண், படம், உதிரிப் பட்டியல் எல்லாம் இயந்திரத்தோடேயே போய்ச் சேரவேண்டும். சின்னக் கம்பெனிகளில் அந்தப் பழக்கம் கிடையாது. நான் எண்பதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியில் சேர்ந்த இடமும் அப்படித்தான், பெயர் வேண்டாமே.

வெளிநாட்டு மாதிரி ஒன்றைப் பார்த்து ஒரு துளையிடும் ஸ்பெஷல் மிஷின் செய்தோம். ஷாஃப்ட் 32 மில்லிமீட்டர். வரைந்தது அடியேன். மாதிரியோடு வந்த பேரிங்கையே போட்டு, பேட்டைக்குள்ளேயே ஒருவருக்கு விற்றோம். எட்டாவது மாதம் பேரிங் போயிற்று. லோக்கல் ரயிலைப் பிடித்துப் பிராட்வே போய்க் கடை கடையாக ஏறி இறங்கினேன். 32-க்கு பேரிங் உலகத்தில் இல்லாமல் இல்லை, பிராட்வேயில் இல்லை. வரவழைக்கலாம் என்றால் இறக்குமதி லைசென்ஸ். நான்கு மாதம் ஆனது. கன்மெட்டல் புஷ் கடைந்து போட்டுப் பார்த்தோம், சூடேறி நின்றது. அந்த மிஷினை நம்பியிருந்த ஆறு தினக்கூலி ஆட்களை நிறுத்திவிட்டார்கள். கேட் பக்கம் அவர்களைப் பார்த்தால் நான் வேறு வழியாகப் போவேன்.

எங்கள் சீனியர் ஃபோர்மேன் திட்டவில்லை. "மொதல்ல கடையில பேரிங் என்ன இருக்குன்னு கேளு தம்பி. அப்புறம் ஷாஃப்ட் வரை" என்றார். 6206 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கு, 30 மில்லிமீட்டர் துளை. இந்தக் கணக்கு எனக்குப் பாடத்திலேயே வந்ததுதான், பரீட்சைக்கு மட்டும்!

இந்தத் தலைவலி புதிதல்ல. இங்கிலாந்தில் ஆளுக்கொரு மரை வெட்டிக்கொண்டிருந்தபோது, 1841-ல் விட்வொர்த் ஒரே அளவு மரையை முன்வைத்தார். நாம் 1956-ல் மெட்ரிக் சட்டம் போட்டோம். ஆனாலும் எங்கள் ஷாப்பில் பாதி போல்ட் அங்குலம், பாதி மில்லிமீட்டர்.

அடுத்த மிஷினுக்குப் படம் வரையும்போதே இரண்டு பட்டியல் போட்டோம். பேரிங், ஆயில் சீல், வி-பெல்ட், மோட்டார் எல்லாம் கடையில் கிடைக்கும் அளவிலேயே. கியர் போல நாமே செய்தாகவேண்டியதை, வெட்டும் மிஷினில் ஒருமுறை செட்டிங் போட்டதும் ஒன்றுக்கு மூன்றாக வெட்டி வைப்பது. "சும்மா கெடக்குற கியருக்கு யார் வட்டி கட்டுறது?" என்று முதலாளி கேட்டார். நான்கு மாதக் கதையை நினைவுபடுத்தினோம். கையெழுத்துப் போட்டார்.

1991-க்குப் பிறகு லைசென்ஸ் கெடுபிடி தளர்ந்தது. 2001-ல் திருவள்ளூரின் மண் அள்ளும் இயந்திரப் பிரிவை கேட்டர்பில்லர் வாங்கியது. நான் கம்பெனியை விட்டு வரும்போது அந்த இரண்டு உபரி கியர்களும் கிரீஸ் துணியில் சுற்றி ஸ்டோர்ஸ் அலமாரியில் இருந்தன. ஒன்றைப் பிறகு எடுத்து மாட்டினார்களாம்.