பழைய கார்களுக்கு உதிரிப்பாகம் செய்தல் (கொழும்பு)

உற்பத்தி நின்றுபோன கார்களுக்கு வேண்டிய பாகங்களை, தேய்ந்த அல்லது உடைந்த பழைய பாகத்தையே மாதிரியாக வைத்துப் பட்டறையில் புதிதாகச் செய்யும் தொழில் இது. கொழும்பில் இதற்குப் பொருள் தேடுவோர் முதலில் போகும் இடம் மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை உதிரிப்பாகச் சந்தை. இரும்பும் பித்தளையும் வேண்டுமானால் கொட்டாஞ்சேனைப் பக்கமாக ஆமர் வீதிக்கோ பழைய சோனகத் தெருவுக்கோ நடக்கவேண்டும். கடைசல் செய்பவர் ‘லேத் பாஸ்’, தகடு தட்டுபவர் ‘டிங்கர் பாஸ்’ என்று அழைக்கப்படுகிறார்கள். கைத்தொழிலில் தேர்ந்தவரைக் குறிக்கும் ‘பாஸ்’ ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். இன்று அழகுக்காகப் பழைய கார் வைத்திருப்போருக்கு இத்தொழில் உதவுகிறது. ஆனால் இதை வளர்த்தது தட்டுப்பாடு.

வேர்கள்

காருக்கு முன்பே கொழும்பில் வார்ப்பும் கடைசலும் இருந்தன. 1854இல் தொடங்கிய வோக்கர்ஸ், 1876இல் தொடங்கிய கொழும்பு கொமர்ஷல் கம்பனி போன்ற நிறுவனங்கள் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு இயந்திரம் செய்துகொடுத்தன. துறைமுகத்தின் கப்பல் பழுதுபார்ப்பும் பொருத்துநர்களையும் கடைசல்காரர்களையும் உருவாக்கியது. 1958இல் பஸ் சேவை தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அதற்கு மெக்கானிக்குகளைப் பயிற்றுவிக்க, ஜேர்மனியின் உதவியோடு 1959இல் வேரஹெரவில் ஒரு தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் அமைந்தது. தோட்ட இயந்திரம், கப்பல், பஸ் ஆகிய மூன்றிலும் பழகிய கைகளே பின்னர் கார்ப் பட்டறைகளுக்கு வந்தன.

வண்டிகள்

ஒஸ்டின், ஹில்மன், போர்ட் பிரிஃபெக்ட், பியட், வொக்ஸ்வேகன் என்று பல கார்கள் இறங்கின. அவற்றுள் இலங்கையின் மனதில் தங்கியது மொரிஸ் மைனர். 1948இல் அறிமுகமாகி, 1960இன் இறுதியில் பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் அது. கொழும்பில் அது டாக்சியாகவும் ஓடியது. 1950களின் பிற்பகுதியில் வந்த சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வாகன இலக்கத் தகட்டுக்கும் அதற்கு முந்திய ஆங்கில எழுத்துத் தகட்டுக்கும் உள்ள வேறுபாடு, வண்டியின் வயதைக் காட்டும் அடையாளம். அந்த ‘ஸ்ரீ’யை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி போராடியதால், தமிழருக்கு அந்தத் தகடு வயதை மட்டும் நினைவூட்டுவதில்லை.

வெள்ளவத்தை போன்ற கரையோரப் பகுதிகளில் உப்புக்காற்றே காரின் முதல் எதிரி. கதவின் அடிப்பகுதியும் மட்காட்டின் ஓரமும் தரைத்தகடும் முதலில் அரிக்கும். எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் கரைந்துபோகும். இதனால் டிங்கர் பாஸுக்கு எப்போதும் வேலை இருந்தது.

தட்டுப்பாட்டின் காலம்

அந்நியச் செலாவணி குறைந்ததால் 1960களின் தொடக்கத்திலிருந்து கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை உதிரிப்பாகமும் அரிதாயிற்று. ஒரு வண்டியைக் கழற்றி இன்னொன்றுக்குப் போட்டார்கள். கழற்ற வண்டி கிடைக்காதபோது செய்துகொண்டார்கள். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட, ஜப்பானிய வண்டிகள் பெருகின. பல பட்டறைகள் பாகம் செய்வதிலிருந்து பாகம் மாற்றுவதற்குத் திரும்பின.

1983 யூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் வாகனங்களும் எரிக்கப்பட்டன. பட்டறை ஒன்று எரியும்போது இயந்திரத்தோடு வார்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் சேர்த்த மரமாதிரிகளும் போய்விடுகின்றன. இயந்திரத்தைத் திரும்ப வாங்கலாம். மாதிரிகளை விற்கும் கடை எங்குமில்லை.

செய்முறை

*மரை.* முதலில் பார்க்கவேண்டியது மரை. 1841இல் வகுக்கப்பட்ட விட்வர்த் மரையின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. ஒன்றை மற்றதில் திருகினால் சில சுற்று ஏறுவதுபோல் ஏறி, பிறகு கடித்துப் பாழாகும். முதல் மொரிஸ் மைனரின் 918 சீசீ எஞ்சினில் இன்னொரு பொறி உண்டு: போல்ட்டின் தலை விட்வர்த் அளவு, மரையோ மெட்ரிக். ஸ்பானர் பொருந்துகிறதே என்று நம்பினால் மரை கெடும். அதனால் அனுபவமுள்ள பாஸ் தலையை நம்பமாட்டார். மரையளவித் தகட்டை வைத்துப் பார்ப்பார்.

*வார்ப்பு.* பழைய பாகத்தை அப்படியே மணலில் பதித்து வார்த்தால் புதியது சிறிதாகிவிடும். உருகிய பித்தளை ஆறும்போது 100 மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் சுருங்கும். கடைந்தெடுக்கவும் சதை, அதாவது மேலதிக உலோகம், வேண்டும். ஆகவே மாதிரியைப் பெரிதாக்கியே பதிக்கிறார்கள்.

*பற்சக்கரம்.* பல் உடைந்த நேர்ப்பல் சக்கரம் ஒன்று வருகிறது என்று கொள்வோம். உடைந்ததையும் சேர்த்து 30 பல். வெளி விட்டம் 2 அங்குலம். பல்லின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி விட்டத்தால் வகுத்தால் 16. அதுதான் வெட்டவேண்டிய பல்லின் அளவெண். சக்கரம் தேய்ந்து கணக்கில் சிறிது வேறுபாடு வந்தாலும், அளவெண் வழக்கமாக முழு எண் என்பதால் உண்மை பிடிபடும். அடுத்து, சக்கரத்தைச் சமபங்காகத் திருப்பித்தரும் டிவைடிங் ஹெட். கைப்பிடியை 40 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை திரும்பும். 30 பல்லுக்கு ஒவ்வொரு வெட்டுக்கும் ஒன்றும் மூன்றில் ஒரு பங்குமான சுற்று: ஒரு முழுச்சுற்று, பிறகு 21 துளை வட்டத்தில் 7 துளை. ஒரு துளை தவறினாலும் சக்கரம் வீண். வெட்டி முடித்ததும் பல்லைக் கடினப்படுத்த வேண்டும். அதை விட்டால் சில மாதங்களில் மறுபடி தேயும்.

*இறப்பர்.* 1876இல் ஹெனரத்கொட தோட்டத்தில் இறப்பர்க் கன்று நட்ட நாடு இது. புஷ்களையும் கதவுச் சீல்களையும் உள்ளூரிலேயே வார்க்கலாம். ஆனால் இயற்கை இறப்பர் எண்ணெய் பட்டால் உப்பிவிடும். எண்ணெய் படும் இடத்துக்கு நைட்ரைல் இறப்பர் வேண்டும்.

*தகடு.* டிங்கர் பாஸ் நல்ல பக்கத்து மட்காட்டில் கடதாசியை ஒட்டி அளவெடுப்பார். மறுபக்கத்துக்கு அதையே புரட்டிப்போட்டு வெட்டுவார். மணல்மூட்டையின் மேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டத் தட்ட, தட்டைத் தகடு வளைவு கொள்ளும். இங்கே முடிவு சொல்வது உள்ளங்கை. ஈரத்துணியை இடையில் வைத்துத் தடவினால் கண்ணுக்குத் தெரியாத மேடும் கையில் தட்டும்.

கடல் கடந்த தகடுகள்

இங்கிலாந்தின் பாத் நகரில் 1976இல் மொரிஸ் மைனர் நிலையத்தைத் தொடங்கியவர் சார்ள்ஸ் வெயர். காரை எறிந்து புதிது வாங்குவதைவிடப் பழுதுபார்த்துப் பல தலைமுறை ஓட்டுவதே சிக்கனம் என்பது அவருடைய கொள்கை. 1990களில் இலங்கைப் பங்காளியோடு சேர்ந்து ‘டியூரபிள் கார் கம்பனி’ என்ற பெயரில் மொரிஸ் மைனர் பாகங்களை இங்கே செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்தார். கார் பிறந்த நாடே பாகத்துக்காக இலங்கையிடம் வந்தது. இல்லாமையில் கற்ற வித்தைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியதில்லை.

இன்றைய நிலை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளுக்கும் அவற்றைச் சீராக்கும் கைகளுக்கும் மதிப்பு கூடியது. முப்பரிமாண ஸ்கேனரும் அச்சுப்பொறியும் மரமாதிரியின் வேலையை எளிதாக்கியுள்ளன. ஆனால் எந்த உலோகத்தை எடுப்பது, எவ்வளவு சதை விடுவது, எங்கே கடினப்படுத்துவது என்பதை அவை சொல்லித்தருவதில்லை.

அந்த அறிவின் பெரும்பகுதி எழுதப்படாதது; பக்கத்தில் நின்று பார்த்தே கற்கப்பட்டது. அதைக் காக்கும் முதல் வேலை எளியது. உடைந்த பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடாமல் கட்டி வைக்கவேண்டும். கூடவே வண்டியின் பெயர், ஆண்டு, பல்லின் எண்ணிக்கை, மரையின் அளவு, உலோகம் ஆகியவற்றை எழுதிய ஒரு துண்டுக் கடதாசியும் வேண்டும். அடுத்த பாஸ் அதிலிருந்து தொடங்கிக்கொள்வார்.