எந்த ஊருக்கு அனுப்புவீர்கள்?

நடைபாதையில் உறங்குகிறவர்களுக்கு உதவ நினைக்கும் எல்லோரும், குறிப்பாகக் கல்லூரியில் படித்துக்கொண்டே களத்துக்கு வரும் தம்பி தங்கைகள், ஒரு வழக்கின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருப்பீர்கள். அந்த ஒரு வரிக்குள் நம் கதையும் இருக்கிறது.

1981 ஜூலை 13. பம்பாயில் மழைக்காலம். நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பப் போவதாக மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர். அந்துலே அறிவித்தார். அதற்கு அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். இது மனிதர் வாழும் வாழ்க்கையல்ல, இந்த மழையில் இவர்கள் எப்படி இருப்பார்கள் என்றார். அதாவது, வெளியேற்றம் ஓர் உதவியாகவே அறிவிக்கப்பட்டது. ஜூலை 23 அன்று மக்களை அரசுப் பேருந்துகளில் ஏற்றினார்கள். மேற்கு விரைவுச் சாலை அருகே இருந்த காமராஜ் நகர் மக்கள் ஏற்றிச் செல்லப்பட்டபோது, வழியில் இரண்டு குழந்தைகள் பிறந்ததாகவும் இரண்டு பேர் இறந்ததாகவும் நீதிமன்றத்தில் முறையிடப்பட்டது.

அன்று ஏற்றப்பட்டவர்களில் ஒருவர் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி. வறட்சியில் வேலையிழந்து 1961இல் பம்பாய் வந்தவர். ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் கூலி. பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்ட நடைபாதைக் குடிசைக்காக உள்ளூர் தாதாவிடம் 2,500 ரூபாய் கொடுத்திருந்தார். குடும்பத்தோடு சேலம் பேருந்தில் அனுப்பப்பட்டார். மனைவியும் மகள்களும் சேலத்திலேயே தங்கிவிட்டார்கள். அவரோ வேலை தேடி மறுபடியும் பம்பாய்க்கே வந்து, மறுபடியும் ஒரு நடைபாதையில் குடியேறினார். ஊர் சோறு போட்டிருந்தால் அவர் ஏன் திரும்பி வரப்போகிறார்?

இன்னொரு மனுதாரர் அகமத்நகர் மாவட்டத்துச் செருப்புத் தைக்கும் தொழிலாளி. ஊரில் நாளுக்கு ஏழெட்டு ரூபாய் வருமானம். வீடு இடிந்து விழுந்ததும் பம்பாய்க்குக் கிளம்பினார். இந்த இருவரின் சாதி என்னவென்று தீர்ப்பு சொல்லவில்லை. சமூகவியல் படித்த நாம் கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. வறட்சி ஊருக்கே பொதுவாகத்தான் வருகிறது. ஆனால் நிலம் உள்ளவர் கடன் வாங்கித் தாக்குப் பிடிக்கிறார், நிலம் மறுக்கப்பட்டவர் ரயில் ஏறுகிறார். யாருக்குத் தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டது என்பது நமக்குத் தெரியாததா? "சொந்த ஊருக்குப் போ" என்ற உத்தரவு, சேரிக்குத் திரும்பிப் போ என்று பலர் காதில் விழுந்திருக்கும்.

பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும் சிவில் உரிமை அமைப்புகளும் நடைபாதைவாசிகளும் தொடுத்த வழக்குகளில் 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வுக்குத் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமை வகித்தார். அந்த ஐவரில் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏ. வரதராஜன், உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதி. வாழ்வாதாரத்துக்கான உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்றது தீர்ப்பு. வேலைக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் நடைபாதையில் வாழ்கிறார்கள், நடைபாதை போனால் வேலையும் போகும் என்பதையும் ஏற்றது.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டுக் கைதட்டக் கூடாது. நடைபாதை நடப்பதற்கானது, அங்கே குடியிருக்க யாருக்கும் உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்புதான் சொன்னது. அகற்றும் அதிகாரத்தை மாநகராட்சிக்கு வழங்கும் சட்டப்பிரிவு செல்லும் என்றது. மழைக்காலம் முடியும் வரை, அக்டோபர் 31 வரை, அகற்றக் கூடாது என்று அவகாசம் கொடுத்தது. 1976 கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு மாற்று இடம் தரச் சொன்னது. கொள்கையில் மக்கள் வென்றார்கள், நடைபாதையில் தோற்றார்கள்.

தீர்ப்பின் அந்தக் கடைசிப் பகுதியில் நமக்கான பாடம் இருக்கிறது. கணக்கில் பெயர் இருந்தவருக்கு ஏதோ கிடைத்தது, பெயர் இல்லாதவருக்கு அதுவும் இல்லை. இதைப் பம்பாய் மக்கள் உடனே புரிந்துகொண்டார்கள். அதே 1985இல் ஸ்பார்க் அமைப்பு நடைபாதைவாசிகளோடு சேர்ந்து சுமார் 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தது. அரசு பிச்சைக்காரர் என்றும் ஆக்கிரமிப்பாளர் என்றும் பார்த்தவர்கள், அந்த நகரத்தை இயக்கும் உழைப்பாளிகள் என்பது எண்ணிக்கையோடு வெளிவந்தது. பைக்குல்லா நடைபாதைப் பெண்கள் மகிளா மிலன் என்று அமைப்பானார்கள். கோலார் தங்கவயலில் பிறந்து, பம்பாய்க்கு வந்த புதிதில் தெருவில் படுத்துறங்கிய ஜோக்கின் அற்புதம் 1974இல் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு அவர்களோடு கைகோத்தது. 1995இல் மகாராஷ்டிர அரசின் மறுவாழ்வுக் கொள்கையில் நடைபாதைவாசிகளும் சேர்க்கப்பட்டார்கள்.

2010 ஜனவரியில், டெல்லிக் குளிரில் வீடற்றோர் தவித்தபோது, உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் இரவுத் தங்குமிடங்களுக்கு உத்தரவிட்டது. நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது நூறு பேருக்கான நிரந்தரத் தங்குமிடம் என்பது 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதியானது. அதற்கு முந்தைய 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் சுமார் 17.7 லட்சம் வீடற்றோர் இருப்பதாகச் சொன்னது. இரவில் தெருவில் உறங்குபவரை எண்ணுவது எவ்வளவு கடினம் என்று களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

போர்வை கொடுப்பது தவறில்லை. குளிருகிறவருக்குப் போர்வைதான் முதலில் வேண்டும். ஆனால் போர்வை கொடுத்த கையோடு மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே வேலை செய்கிறீர்கள்? உங்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது? ஊரை விட்டு ஏன் வந்தீர்கள்? முதல் பதில், தங்குமிடம் எங்கே அமைய வேண்டும் என்று சொல்லும். இரண்டாவது, ரேஷன் அட்டைக்கும் வாக்காளர் அட்டைக்கும் நாம் எழுத வேண்டிய மனுவைச் சொல்லும். மூன்றாவது பதிலில் பெரும்பாலும் நிலமும் சாதியும் இருக்கும். அதைக் கேட்காமல் செய்யும் உதவி, 1981இல் சேலத்துக்குக் கிளம்பிய பேருந்தைப் போலத்தான். ஏறியவர் திரும்பவும் நடைபாதைக்கே வருவார்.