அத்தியாவசியத் திறன் பயிற்சி, இணையவழி (கனடா, உற்பத்தித் துறை)

தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் தொழிற்சாலையில் வேலை தேடுவோருக்கும் வாசிப்பு, கணக்கு, படிவம் நிரப்புதல், கணினி முதலிய அடித்தளத் திறன்களை இணையத்தின் வழியே கற்பிக்கும் பயிற்சி. மெஷின் ஓட்டக் கற்றுத்தருவது தொழிற்பயிற்சியின் வேலை. அந்த மெஷினோடு வரும் கையேடு, வரைபடம், எச்சரிக்கை லேபிள், ஷிப்ட் பதிவேடு ஆகியவற்றைத் தடுமாறாமல் கையாளப் பழக்குவது இந்தப் பயிற்சியின் வேலை. கனடாவில் இதற்கு அரசு வகுத்த திறன் வரையறையும் நீண்ட வரலாறும் உண்டு.

உழைப்பாளி இருக்கும் இடத்துக்கே கல்வி போக வேண்டும் என்ற எண்ணம் அந்நாட்டில் பழையது. ஆல்ஃபிரட் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற பாதிரியார் 1899-இல் தொடங்கிய ஃபிரான்டியர் காலேஜ், மரம் வெட்டும் முகாம்களுக்கும் ரயில்பாதை முகாம்களுக்கும் ஆசிரியர்களை அனுப்பியது. அவர்கள் பகலில் தொழிலாளர்களோடு சேர்ந்து உழைத்தார்கள். இரவில் எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1994-இல், நடுவண் அரசு ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களையும் மேலாளர்களையும் நேரில் கண்டு, ஒவ்வொரு வேலையிலும் என்ன படிக்கிறார்கள், என்ன எழுதுகிறார்கள், எதைக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்டுத் தொகுத்தார்கள். அதிலிருந்து பிறந்தவைதான் ஒன்பது அத்தியாவசியத் திறன்கள்: வாசிப்பு, ஆவணப் பயன்பாடு, எண் கணக்கு, எழுத்து, வாய்மொழித் தொடர்பு, பிறருடன் சேர்ந்து பணியாற்றல், சிந்தனை, கணினிப் பயன்பாடு, தொடர் கற்றல். வேலைக்கு வேலை இவற்றின் கடினம் மாறும் என்பதால் படிநிலைகளும் வகுக்கப்பட்டன.

2021-இல் இந்தப் பட்டியல் மாற்றியமைக்கப்பட்டது. தகவமைவு, கூட்டுழைப்பு, படைப்பாற்றல், சிக்கல் தீர்த்தல் ஆகியவை அதில் இடம்பிடித்தன. ஆவணப் பயன்பாடு தனித் திறன் என்ற தகுதியை இழந்து வாசிப்புக்குள் அடங்கிவிட்டது. தொழிற்சாலையைப் பொறுத்தவரை இது இழப்பு என்றே சொல்ல வேண்டும். அங்கே யாரும் பத்தி பத்தியாகப் படிப்பதில்லை; அட்டவணையும் லேபிளும் வரைபடமும்தான் நாள் முழுக்கக் கண்முன் நிற்பவை.

ரசாயனப் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1988 முதல் கனடாவில் நடைமுறையில் இருக்கும் விமிஸ் என்ற பணியிட அபாயப் பொருள் தகவல் முறை, 2015-இல் ஐ.நா.வின் உலகப் பொது வகைப்பாட்டோடு இணைக்கப்பட்டது. அதன்படி அபாயகரமான ஒவ்வொரு பொருளுக்கும் 16 பிரிவுகள் கொண்ட பாதுகாப்புத் தகவல் தாள் இருக்க வேண்டும். திரவம் கண்ணில் தெறித்துவிட்டால் பார்க்க வேண்டியது முதலுதவி சொல்லும் 4-ஆம் பிரிவு. எந்தக் கையுறை போடுவது என்பது 8-ஆம் பிரிவில் இருக்கும். பல பக்கத் தாளில் உரிய இடத்துக்கு நேராகப் போகத் தெரிவதுதான் இங்கே திறன். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்தவர்கூட பதற்றத்தில் முதல் பக்கத்திலேயே தேடிக்கொண்டிருக்கலாம்.

கணக்கும் அப்படித்தான். கனடா மெட்ரிக் முறைக்கு மாறிய நாடு. ஆனால் ஆர்டர்கள் பெருமளவு அமெரிக்காவிலிருந்து வருவதால் வரைபடங்களில் அங்குலம் இன்னும் புழங்குகிறது. 5/16 அங்குலம் என்பது ஏறத்தாழ 7.94 மில்லிமீட்டர் என்று மாற்றத் தெரிய வேண்டும். 25.00 மி.மீ., கூட்டியோ குறைத்தோ 0.05 என்று டாலரன்ஸ் கொடுத்திருந்தால் 25.04 தேறும், 25.06 தேறாது. தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தில் புள்ளிகள் எல்லைக் கோட்டுக்குள்ளேயே இருக்கலாம். ஆனால் ஏழு புள்ளிகள் தொடர்ந்து மேலேறினால் வெட்டும் கருவி தேய்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். கழிவாகும் பாகங்களை முன்கூட்டியே தடுப்பது இந்தப் பார்வைதான்.

இத்தகைய திறன்களை அளக்க உருவான தேர்வுகளில் குறிப்பிடத்தக்கது டோவ்ஸ். கால்கரி நகரின் போ வேலி கல்லூரி அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தது. கற்பனைப் பாடங்களை விட்டு, பணியிடங்களில் உண்மையில் புழங்கும் படிவங்களையும் அட்டவணைகளையும் கொண்டு கேள்வி கேட்டதே அதன் சிறப்பு. நல்ல இணையப் பாடத்துக்கும் இதுவே உரைகல்: தன் ஆலையில் நாளை கையில் வரப்போகும் தாள் திரையில் தெரிகிறதா?

இணையவழிக்கு முதன்மையான காரணம் ஷிப்ட். வாரம் மாறி வாரம் இரவு வேலை பார்ப்பவரால் மாலை வகுப்பைத் தவறாமல் பிடிக்க முடியாது. தொலைவிலுள்ள சிற்றூர் ஆலைக்கு ஆசிரியரை அனுப்புவதும் எளிதல்ல. வழக்கமான நடைமுறை இது: முதலில் ஒரு மதிப்பீடு, பிறகு விடுபட்ட திறன்களுக்கு மட்டும் பாடங்கள், ஐயம் தீர்க்க ஒரு வழிகாட்டி, முடிவில் சான்றிதழ். ஒன்ராறியோ மாகாணத்தில் எழுத்தறிவு மற்றும் அடிப்படைத் திறன் திட்டத்தின் கீழ் இ-சேனல் என்ற இலவச இணைய வகுப்புகள் இயங்குகின்றன. ஆங்கிலம் பேசுவோர், பிரெஞ்சு பேசுவோர், பூர்வகுடியினர், காதுகேளாதோர் ஆகியோருக்குத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. பூர்வகுடியினருக்கான வகுப்புகள் மாகாணத்தின் வடமேற்கில் உள்ள சூ லுக்கவுட்டிலிருந்து நடத்தப்படுகின்றன.

குறைகள் வெளிப்படையானவை. வாசிக்கத் தடுமாறுபவரிடம் திரை நிறைய எழுத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் அவர் இரண்டாம் பாடத்தில் நின்றுவிடுவார். ஆகவே ஒலியும் படமும் வழிகாட்டியின் குரலும் இல்லாத பாடம் யாருக்குத் தேவையோ அவருக்கே எட்டாது. மதிப்பெண் மேலாளர் கைக்குப் போய்விடுமோ என்ற அச்சம் இன்னொன்று. பல ஆண்டுகள் சமாளித்து வந்த ஒருவர் தன் குறையை முதன்முறையாக வெளிக்காட்டுகிறார். முடிவுகள் ரகசியமாகக் காக்கப்படும் என்ற உறுதி எழுத்தில் இருக்க வேண்டும். அதிவேக இணையத்தை அடிப்படைச் சேவை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016-இல் அறிவித்தபோதிலும், தொலைதூரச் சமூகங்கள் பலவற்றில் அது உடனே வந்துவிடவில்லை.

வேலை தேடுவோரில் புதிதாகக் குடியேறியவர்கள் பலர். ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பகுதிகளில் குடியமர்ந்த ஈழத்தமிழர் பலரின் கனடா வாழ்க்கை தொழிற்சாலையில்தான் தொடங்கியது. 1992-இல் தொடங்கிய லிங்க் என்ற இலவச மொழி வகுப்பு நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களுக்கும் அகதிப் பாதுகாப்புப் பெற்றவர்களுக்கும் உரியது. குடியுரிமை பெற்றதும் அந்தக் கதவு மூடிவிடுகிறது. வந்த புதிதில் இரட்டை ஷிப்ட் பார்த்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர், ஆலை மூடப்பட்டு வேறு வேலை தேடும் வயதில் படிக்க நினைத்தால், இ-சேனல் போன்ற வகுப்புகள் அவருக்குத் திறந்திருக்கும் வழிகளில் ஒன்று.

செலவுக்கு உதவிகள் உண்டு. 2014 முதல் வழங்கப்பட்ட கனடா வேலைவாய்ப்பு மானியத்தில் முதலாளியும் அரசும் செலவைப் பகிர்ந்துகொண்டனர். 2019 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட பயிற்சி வரிச்சலுகையில் தகுதியுள்ள தொழிலாளியின் கணக்கில் ஆண்டுக்கு 250 டாலர் சேர்கிறது. வாழ்நாள் உச்சவரம்பு 5,000 டாலர். ஆனால் தொழிலாளிக்குப் பெரும் தட்டுப்பாடு நேரம். இணையத்தில் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற வசதி, பல இடங்களில் தூக்கத்தைக் குறைத்துச் சம்பளமில்லாமல் படிக்க வேண்டிய கட்டாயமாக மாறிவிடுகிறது. வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு பயிற்சி நடத்தும் ஆலைகளே இதை நேர்மையாகச் செய்கின்றன. அதே 2019 வரவுசெலவுத் திட்டம், பயிற்சிக்காக நான்கு வாரம் வேலையை விட்டு விலகியிருக்கும்போது வருமானத்தின் 55 விழுக்காட்டை வேலைக் காப்பீட்டிலிருந்து தரும் ஓர் உதவியையும் அறிவித்தது. 2020-இன் இறுதியில் தொடங்கும் என்று சொல்லப்பட்ட அது, சொன்னபடி தொடங்கப்படவில்லை.