சிமரோனும் நியோஷோவும்: ஒரே வகுப்பு, இரு முடிவுகள்

கடற்போர் வரலாறுகளில் பீரங்கிக்கும் விமானத்துக்கும் கிடைக்கும் இடம் எண்ணெய்க் கப்பலுக்குக் கிடைப்பதில்லை. அமெரிக்கக் கடற்படையின் சிமரோனையும் நியோஷோவையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அது எவ்வளவு பெரிய குறை என்பது புரியும்.

இரண்டும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. 1939இல் சில மாத இடைவெளியில் பணியில் சேர்ந்தவை. 553 அடி நீளம், 18 நாட் வேகம். அந்த வேகம்தான் போர்க்கப்பல்களோடு கூடவே போய், ஓடும் கப்பலுக்குப் பக்கவாட்டில் குழாய் நீட்டி எண்ணெய் கொடுக்க வழி செய்தது.

போரை முதலில் கண்டது நியோஷோ. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகத்தில், குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே கேப்டன் ஜான் பிலிப்ஸ் அதைப் போர்க்கப்பல் வரிசையிலிருந்து நகர்த்திக் காப்பாற்றினார்.

1942 ஏப்ரலில் டோக்கியோமீது குண்டு வீசப் போன டூலிட்டில் படையணிக்குச் சிமரோன் எண்ணெய் கொடுத்தது. 17ஆம் தேதி விமானந்தாங்கிகள் முன்னே விரைந்தன. சிமரோனும் துணை எண்ணெய்க் கப்பலும் எட்டு நாசகாரிக் கப்பல்களோடு பின்தங்கின.

அடுத்த மாதம் பவளக் கடலில் யார்க்டவுன் விமானந்தாங்கிக்கு எண்ணெய் கொடுத்த நியோஷோ, தெற்கே ஒதுங்கியபோது துணைக்கு இருந்தது சிம்ஸ் என்ற ஒரே நாசகாரி. மே 7 அன்று ஜப்பானிய வேவு விமானம் நியோஷோவை விமானந்தாங்கி என்று தவறாக அறிவித்தது. பெரும் விமானப்படை பாய்ந்தது. சிம்ஸ் மூழ்கியது. ஏழு குண்டுகள் தாக்கிய நியோஷோவில், உடல் வெந்த நிலையிலும் ஆஸ்கர் பீட்டர்சன் என்ற மாலுமி நீராவி வால்வுகளை மூடினார். பின்னர் அந்தக் காயங்களால் இறந்தார். கப்பல் நான்கு நாள் மிதந்தது. 11ஆம் தேதி ஹென்லி என்ற நாசகாரி வந்து 123 பேரை மீட்டபின், அமெரிக்கர்களே அதை மூழ்கடித்தார்கள்.

சிமரோனோ மிட்வே, கொரியா, வியட்நாம் எல்லாம் கண்டு 1968இல்தான் ஓய்வுபெற்றது. நியோஷோவின் ஆயுள் மூன்றாண்டுகூட இல்லை.

கட்டுமானத்தில் குறை சொல்ல முடியாது, இரண்டும் ஒன்றே. எதிரியின் தவறான தகவல் நியோஷோவின் துரதிர்ஷ்டம். ஆனால் ஒற்றைக் காவலோடு அதை அனுப்பியது மனிதர் எடுத்த முடிவு. எதிரியின் குண்டுகள் அதன்மேல் விழுந்ததால் அமெரிக்க விமானந்தாங்கிகள் அன்றைக்குத் தப்பின. அந்தப் பங்கையும் சேர்த்தே நியோஷோவை மதிப்பிட வேண்டும். எண்ணெய்க் கப்பலைக் காக்காத கடற்படை தன் தூரத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.