இறங்கு இருக்கைத் தண்டு

இறங்கு இருக்கைத் தண்டு என்பது, மிதிவண்டியை ஓட்டிச் செல்லும்போதே இருக்கையின் உயரத்தைக் குறைக்கவும் கூட்டவும் உதவும் ஓர் உறுப்பு ஆகும். ஆங்கிலப் பெயரை ஒட்டி இது டிராப்பர் சீட்போஸ்ட் எனவும், சுருக்கமாக டிராப்பர் எனவும் அழைக்கப்படுகின்றது. இது பெரும்பாலும் மலை மிதிவண்டிகளில் பயன்படுகின்றது. கைப்பிடியில் உள்ள சிறு நெம்புகோலை அழுத்தியவாறு இருக்கையின் மீது உடல் எடையைச் செலுத்தினால் இருக்கை கீழிறங்கும். எடையை நீக்கி நெம்புகோலை மீண்டும் அழுத்தினால் அது மேலெழும். நெம்புகோலை விட்டதும் இருக்கை பூட்டிக்கொள்ளும்.

வழமையான இருக்கைத் தண்டு அசையும் பாகம் எதுவுமற்ற ஒரு குழாய் ஆகும். அது பழுதடைவது அரிது. இறங்கு தண்டிலோ ஒன்றினுள் ஒன்று வழுக்கும் குழாய்கள், அடைப்பு வளையங்கள், எண்ணெய், அழுத்தப்பட்ட வளிமம், கம்பி வடம் ஆகியன உள்ளன. ஓட்டுநரின் எடையையும் பின்சக்கரம் வாரியடிக்கும் சேற்றையும் இவை தாங்க வேண்டியுள்ளது. இதனால் இவ்வுறுப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது, இதனை வாங்க எண்ணுவோரும் நெடுந்தொலைவு செல்வோரும் முதன்மையாகக் கருதும் வினாவாக உள்ளது.

தேவை

மிதிப்பதற்கும் செங்குத்தான சரிவில் இறங்குவதற்கும் வேண்டிய இருக்கை உயரங்கள் வேறுபட்டவை. மிதிக்கும்போது, மிதிகட்டை தாழ்ந்த நிலையில் கால் ஏறத்தாழ முழுவதும் நீளும் அளவுக்கு இருக்கை உயர்ந்திருத்தல் வேண்டும். தாழ்ந்த இருக்கையில் நெடுநேரம் மிதித்தால் முழங்கால் வலி ஏற்படக்கூடும். சரிவில் இறங்கும்போதோ ஓட்டுநர் தமது உடலைத் தாழ்த்திப் பின்னோக்கி நகர்த்த வேண்டும். உயர்ந்த இருக்கை இதற்குத் தடையாக இருப்பதுடன், முன்சக்கரம் கல்லில் மோதி நிற்கையில் ஓட்டுநர் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கியெறியப்படும் வாய்ப்பையும் கூட்டுகின்றது.

வரலாறு

மலை மிதிவண்டி 1970களில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள மரின் கவுண்டியில் உருப்பெற்றது. அக்காலத்தில் ஓட்டுநர்கள் மலையுச்சியில் வண்டியை நிறுத்தி, இருக்கைக் கவ்வியைத் தளர்த்தி, இருக்கையைக் கையால் தாழ்த்தினர். முன்னோடி மலை மிதிவண்டி வடிவமைப்பாளர்களுள் ஒருவரான ஜோ பிரீசு, ஜோஷ் ஏஞ்சல் என்பவருடன் இணைந்து 1980களில் ஹைட்-ரைட் என்னும் வில்லை உருவாக்கினார். கவ்வியைத் தளர்த்தும்போது இருக்கையை மேலே தள்ளி, அதே நேரம் அதனை நேராகவும் வைத்திருப்பதே இதன் பணியாகும்.

கைப்பிடியிலிருந்து இயக்கக்கூடிய தண்டுகள் 2000களின் முற்பகுதியில் விற்பனைக்கு வந்தன. கிராவிட்டி டிராப்பர் என்னும் இயந்திர வகைத் தண்டு இவற்றுள் முன்னோடியாகக் கருதப்படுகின்றது. 2010 ஆம் ஆண்டில் ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் ரிவெர்ப் என்னும் நீரியல் தண்டை வெளியிட்டது. 2019 ஆம் ஆண்டில் அதன் கம்பியில்லா வடிவம் வெளிவந்தது. 2022 ஆம் ஆண்டின் மிலான்-சான் ரெமோ சாலைப் பந்தயத்தில், இறங்கு தண்டு பொருத்திய மிதிவண்டியில் சுலோவீனிய வீரர் மத்தேய் மொகோரிச் வெற்றி பெற்றார்.

அமைப்பு

இத்தண்டு ஒரு வெளிக்குழாயையும் அதனுள் வழுக்கும் உட்குழாயையும் கொண்டது. வெளிக்குழாய் சட்டகத்தின் இருக்கைக் குழாயினுள் செருகப்பட்டுக் கவ்வியால் இறுக்கப்படும். உட்குழாயின் உச்சியில் இருக்கை பொருத்தப்படும். உட்குழாய் ஆடாமல் வழுக்குவதற்கு, புஷ் எனப்படும் வழுக்கு உறைகள் உதவுகின்றன. இருக்கை இடவலமாகத் திரும்பாதிருக்க, குழாய்களில் வெட்டப்பட்ட காடிகளில் பித்தளை முளைகள் பொருத்தப்பட்டிருக்கும். மேல் வாயிலில் உள்ள அடைப்பு வளையம் தூசியையும் நீரையும் தடுக்கின்றது.

வெளிக்குழாயின் விட்டம் பொதுவாக 27.2, 30.9, 31.6, 34.9 மில்லிமீட்டர் ஆகிய அளவுகளில் ஒன்றாக இருக்கும். இருக்கை இறங்கும் தொலைவு 100 மில்லிமீட்டரிலிருந்து 200 மில்லிமீட்டருக்கு மேல் வரை வேறுபடும்.

பூட்டும் முறைகள்

பழுதடையும் விதத்தைப் பெரிதும் தீர்மானிப்பது இருக்கையை உயரத்தில் நிறுத்தி வைக்கும் பூட்டு ஆகும். இது மூன்று வகைப்படும்.

* இயந்திரப் பூட்டு: ஒரு முளை துளைக்குள் நுழைந்தோ, விரியும் வளையம் ஒன்று பள்ளத்தில் பதிந்தோ இருக்கையை நிறுத்தும். இருக்கை குறிப்பிட்ட சில உயரங்களில் மட்டுமே நிற்கும். பூட்டுவதற்கு எண்ணெயோ வளிமமோ தேவையில்லை. தேய்மானத்தால் ஆட்டம் கூடுமாயினும், பூட்டு மெல்ல அமிழ்வதில்லை.
* திறந்து பழுதுபார்க்கக்கூடிய நீரியல் பூட்டு: வால்வு மூடியிருக்கையில் எண்ணெய் நகர வழியில்லை. எண்ணெய் அழுத்தத்தால் சுருங்குவது மிகக் குறைவு என்பதால் இருக்கை எந்த உயரத்திலும் நிற்கும். மேலெழுப்பும் விசையை அழுத்தப்பட்ட வளிமம் தருகின்றது. பல வடிவமைப்புகளில் எண்ணெயையும் வளிமத்தையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரிக்கின்றது.
* மூடிய உருளை: மேற்கூறிய அமைப்பு முழுவதும் அடைத்து முத்திரையிட்ட ஓர் உருளைக்குள் அமைந்திருக்கும். அலுவலக நாற்காலியின் உயரத்தை மாற்றும் உருளையை இது ஒத்தது. பழுதானால் உருளையைத் திறந்து சரிசெய்வதில்லை. முழுவதுமாக மாற்றிவிடுவர்.

நம்பகத்தன்மை

ஒரு தண்டு எத்தனை முறை பழுதாகும் என்பது மட்டுமே அதன் நம்பகத்தன்மை ஆகாது. பழுதாகும்போது இருக்கை எந்நிலையில் நிற்கும், பழுது முன்னறிவிப்புடன் வருமா, வழியிலோ வீட்டிலோ அதனைச் சரிசெய்ய இயலுமா என்பனவும் அதில் அடங்கும்.

தண்டினுள் தோன்றும் பழுதுகள்

நீரியல் தண்டுகளில் நன்கறியப்பட்ட குறை இருக்கை அமிழ்தல் ஆகும். மிதக்கும் பிஸ்டனின் அடைப்பு வளையத்தைக் கடந்து வளிமம் எண்ணெயில் கலந்தால், வளிமம் சுருங்கக்கூடியது என்பதால், ஓட்டுநர் அமர்ந்ததும் இருக்கை சில மில்லிமீட்டர் தாழ்ந்து மெத்தை போல் அசையும். தொடக்கத்தில் இது தொல்லையாக மட்டுமே இருக்கும். கவனிக்காமல் விட்டால் அமிழும் அளவு கூடிச் செல்லும். கலந்த வளிமத்தை ஓட்டுநரே வெளியேற்றுவதற்கு ஏற்ற சிறு வால்வு சில தண்டுகளில் உள்ளது. அத்தகைய வால்வு இல்லாத தண்டைப் பிரித்து எண்ணெய் மாற்ற வேண்டியிருக்கும்.

இருக்கையைத் தாழ்த்திய நிலையில், அதனைப் பிடித்து மிதிவண்டியைத் தூக்குவதும் தொங்கவிடுவதும் சில நீரியல் தண்டுகளில் இக்குறையை உண்டாக்கும். உட்குழாய் மேலே இழுக்கப்படுவதால் எண்ணெய்ப் பகுதியில் அழுத்தம் குறைந்து, வளிமம் அடைப்பு வளையத்தைத் தாண்டி இழுக்கப்படுகின்றது.

பித்தளை முளைகளும் வழுக்கு உறைகளும் தேய்வதால் இருக்கை இடவலமாக ஆடத் தொடங்கும். ஓரளவு ஆட்டம் புதிய தண்டிலும் இருப்பது இயல்பே. அது பழுதன்று. முளைகள் பல தண்டுகளில் வெவ்வேறு பருமன்களில் கிடைப்பதால், சற்றுப் பெரிய முளைகளை இட்டு இந்த ஆட்டத்தைக் குறைக்கலாம்.

சட்டகத்தின் வடிவமும் தேய்மானத்தைப் பாதிக்கின்றது. இருக்கைக் குழாய் தரைக்கு 75 பாகை சாய்வில் இருந்தால், இருக்கையின் மீதான எடையில் ஏறத்தாழ கால் பங்கு தண்டைப் பின்னோக்கி வளைக்க முயலும். 60 கிலோகிராம் சுமை எனில் இது 15 கிலோகிராமுக்குச் சற்று அதிகம். சாய்வு கூடும்போதும் தண்டு நீளமாக வெளியே நிற்கும்போதும் வழுக்கு உறைகளின் மீதான சுமை மிகும். ஆகவே ஒரே தண்டு இரு வேறு வண்டிகளில் வெவ்வேறு காலம் உழைக்கக்கூடும்.

தண்டுக்கு வெளியிலுள்ள காரணங்கள்

தண்டின் பழுது எனக் கருதப்படும் பல தொல்லைகள் உண்மையில் அதனைப் பொருத்திய விதத்தால் வருபவை.

* கவ்வியை அளவுக்கு மீறி இறுக்கினால் வெளிக்குழாய் நசுங்கி, உட்குழாய் மெதுவாக மேலெழும் அல்லது சிக்கிக்கொள்ளும். கவ்வியைச் சற்றுத் தளர்த்தியதும் இருக்கை விரைவாக எழுந்தால் காரணம் இதுவேயாகும். உரிய இறுக்கம் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும்.
* கம்பி வடம் மிகையாக இழுக்கப்பட்டிருந்தால் வால்வு முழுவதும் மூடாது. இருக்கை தானாகத் தாழும். வடம் தளர்ந்திருந்தால் வால்வு முழுவதும் திறக்காது. இருக்கை மெதுவாக அசையும்.
* வடத்தின் உறை சட்டகத்தினுள் கூர்மையாக வளைந்தாலும் அதனுள் நீரும் துருவும் சேர்ந்தாலும் நெம்புகோல் கடினமாகும்.
* குளிரில் வளிமத்தின் அழுத்தம் குறைகின்றது. வெப்பநிலை 27 பாகை செல்சியசிலிருந்து -3 பாகைக்கு இறங்கினால், முழு அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். எண்ணெயும் கெட்டியாவதால் இருக்கை எழுவது தாமதமாகும். வெப்பம் திரும்பியதும் இது நீங்கிவிடும்.

இயக்கும் முறையின் பங்கு

கம்பி வடத்தால் இயங்கும் தண்டை எளிய கருவிகளால் சரிசெய்யலாம். வடம் பெரும்பாலான மிதிவண்டிக் கடைகளில் கிடைக்கும். எண்ணெய்க் குழாயால் இயங்குவது மென்மையானது. ஆனால் குழாய் அறுபட்டாலோ அதில் காற்றுப் புகுந்தாலோ தனிக் கருவிகள் வேண்டும். கம்பியில்லா வகையில் வடத்தின் தொல்லைகள் இல்லை. மாறாக, மின்கலத்தின் மின்னேற்றத்தைக் கவனிக்க வேண்டும். இவ்வகையில் மின்னணு முறை வால்வைத் திறக்க மட்டுமே பயன்படுகின்றது. உள்ளிருக்கும் எண்ணெயும் அடைப்பு வளையங்களும் ஏனைய நீரியல் தண்டுகளைப் போன்றே தேய்கின்றன.

பழுதின் விளைவுகள்

வடம் அறுந்தாலோ மின்கலம் தீர்ந்தாலோ பெரும்பாலான தண்டுகளில் வால்வு மூடியே இருக்கும். இருக்கை கடைசியாக இருந்த உயரத்தில் நிற்கும். உயர்ந்த நிலையில் நின்றுவிட்டால், செங்குத்தான சரிவுகளில் வண்டியைத் தள்ளிச் செல்லலாம். தாழ்ந்த நிலையில் நின்றுவிட்டால், வீடு திரும்பும் வரை நின்றுகொண்டோ முழங்கால் மடங்கியவாறோ மிதிக்க வேண்டும். சில கிலோமீட்டர் தொலைவுக்கு இது வெறும் இடையூறு. ஆளரவமற்ற இடத்தில் பல நாள் பயணத்தின் நடுவே நேர்ந்தால் பயணத்தையே நிறுத்த வேண்டி வரலாம்.

எனினும் வழமையான தண்டு முற்றிலும் தீங்கற்றது எனக் கூறவியலாது. உயர்ந்த இருக்கையுடன் சரிவில் இறங்கும் ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் இடருக்கு உள்ளாகின்றார். இறங்கு தண்டைத் தவிர்ப்பவர் பழுதின் இடரைத் தவிர்த்து விழுதலின் இடரை ஏற்கின்றார். எனவே செங்குத்தான தடங்களில் ஓட்டுவோருக்கு, எப்போதாவது பழுதாகும் தண்டும் பயனுடையதே. பெரும்பாலும் சமதளமான மண்சாலைகளில் நெடுந்தொலைவு செல்வோருக்கு வழமையான தண்டே போதுமானதாக அமையலாம். அது எடையும் குறைந்தது. வழமையான தண்டின் எடை பொதுவாக 200 முதல் 300 கிராம். இறங்கு தண்டு அரைக் கிலோகிராமைத் தாண்டுவது வழக்கம்.

மதிப்பிடும் முறை

ஒரு தண்டு நம்பத்தக்கதா என்பதை அறியப் பின்வருவன உதவும்.

* இருக்கையை முழுவதும் உயர்த்தி, நெம்புகோலைத் தொடாமல் எடை முழுவதையும் அதன்மீது செலுத்துதல். அமிழ்ந்தால் பூட்டிலோ வட இழுவையிலோ குறையுண்டு. வடத்தைச் சற்றுத் தளர்த்தியும் அமிழ்ந்தால் குறை தண்டினுள் உள்ளது.
* இதனைப் பாதி உயரத்திலும் செய்தல். நடுநிலையில் மட்டும் தோன்றும் அமிழ்வு இதனால் வெளிப்படும்.
* அடுத்தடுத்த வாரங்களில் ஆட்டத்தின் அளவை ஒப்பிடுதல். மாறாத ஆட்டம் இயல்பானது. கூடிவரும் ஆட்டம் தேய்மானத்தைக் காட்டும்.
* அடைப்பு வளையம், முளைகள், உருளை ஆகியன தனித்தனியே விற்கப்படுகின்றனவா என அறிதல்.

உத்தரவாதக் காலம் மட்டுமே நம்பகத்தன்மையின் அளவுகோல் அன்று. உத்தரவாதம் தண்டை மாற்றித் தரும். ஆனால் பழுதான நாளில் ஓட்டுநரை வீடு சேர்க்காது. ஒரு மணி நேரத்தில் எளிய கருவிகளால் சீராக்கக்கூடிய தண்டு, ஓரளவு அடிக்கடி பழுதானாலும், தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய தண்டைவிடப் பலருக்கு ஏற்றதாக இருக்கும்.

பராமரிப்பு

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னரும் உட்குழாயைத் துணியால் துடைத்தல், அழுத்த நீரை அடைப்பு வளையத்தின் மீது நேராகப் பாய்ச்சாதிருத்தல், வண்டியை இருக்கை உயர்ந்த நிலையில் நிறுத்தி வைத்தல் ஆகியன தண்டின் வாழ்நாளைக் கூட்டும். மேல் வளையத்தைத் திறந்து பழைய கிரீசை நீக்கிப் புதியது இடுவதை ஓட்டுநரே செய்யலாம். இதற்குரிய கால இடைவெளி, ஓட்டிய மணிநேரக் கணக்கில் தயாரிப்பாளரின் கையேட்டில் தரப்பட்டிருக்கும். அழுத்தப்பட்ட வளிமம் உள்ள பகுதியை, அழுத்தத்தை முறைப்படி வெளியேற்றாமல் பிரிப்பது ஆபத்தானது.

வழியில் இருக்கை அமிழத் தொடங்கினால், உட்குழாயைச் சுற்றி இரப்பர்த் துண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் பொருத்தமான கவ்வியை இறுக்கி, இருக்கையை மிதிப்பதற்கு ஏற்ற உயரத்தில் தற்காலிகமாக நிறுத்தலாம். நெடும்பயணம் செல்லும் சிலர் இதற்கெனவே ஒரு கவ்வியை உடன் கொண்டு செல்வர். வேறு சிலர் தொலைதூரப் பயணங்களுக்கு மட்டும் வழமையான தண்டை மாற்றிப் பொருத்திக்கொள்வர்.

இவற்றையும் பார்க்க

* மலை மிதிவண்டி
* மிதிவண்டிச் சட்டகம்
* நீரியல்
* அதிர்வு தாங்கி